உனக்கு எதற்கு அக்கா ஏழு மிஷின்?

என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. கோலா கெத்தில் வீட்டில், உன் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏழு தையல் மிஷினும் அப்படியே நிற்கின்றன. கால் நீட்ட இடமில்லை. ஜன்னலோர மிஷினின் பலகைமேல் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிலோமினாவுக்குப் பள்ளிக்கூடக் கேன்டீன் வேலை போய்விட்டது. போகவைத்தவள் நான். உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், அவள் உனக்குச் செய்வினை வைத்துவிட்டாள் என்று சொன்னேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றோடு அதையும் மென்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே பிள்ளைகளின் அம்மாமார்கள், அவள் கைபட்ட மீகூன் சேமியாவை என் பிள்ளை சாப்பிடாது என்று நின்றுவிட்டார்கள். கேன்டீன் எடுத்து நடத்துகிறவர் என்ன செய்வார்? இனி வராதே என்று சொல்லிவிட்டார்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். எனக்குச் சந்தேகப்படுவதுதானே அக்கா வேலை. சுங்கை பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் குறை பார்க்கிறேன். கையுறையை ஊதி வெளிச்சத்தில் பிடித்து எங்கே ஓட்டை என்று பார்ப்பேன். ஓட்டை இல்லையென்றால் நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்டவள், நம் பக்கம் வெள்ளி சனிதானே வார லீவு, அந்த வெள்ளிக்கிழமையில் உன் வீட்டுக்கு வந்தால் சும்மா இருப்பேனா?

அத்தான் இறந்தபோது உன்னிடம் இருந்தது ஒரே ஒரு மிஷின். கடைசி மூன்று வருடத்தில்தான் ஒன்று ஏழானது. சிடாம் கிரி பக்கம் தோட்டத்து லயத்தைக் காலி செய்கிறவர்கள், மகன் வீட்டோடு போய்ச் சேருகிறவர்கள் என்று யார் வீட்டில் கால்மிதி மிஷின் சும்மா கிடந்தாலும் எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கினாய். லோரி வைத்து ஏற்றி வந்தாய். நாற்காலி போட இடமில்லாமல் மிஷின்.

"இருக்கிறது ரெண்டு காலு. ஏழு மிஷினை எந்தக் காலால மிதிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"அது என் பாடுலா. இட்லி வச்சிருக்கேன், பசியாறு போ" என்றாய்.

பதில் சொல்லாமல் இட்லியைக் காட்டுகிறவளிடம் விஷயம் இருக்கும். எனக்கு மூக்கு வியர்த்தது. அதோடு, புடவை ரவிக்கை தைப்பதை ஏன் நிறுத்தினாய்? நல்ல வரும்படி அதில்தானே. கை வலிக்கிறது என்றாய். பள்ளிச் சீருடை மட்டும் தைத்தாய். வெள்ளைச் சட்டைக்கும் பச்சைக் காற்சட்டைக்கும் வலிக்காத கை ரவிக்கைக்கு மட்டும் வலிக்குமா?

அப்புறம் பிலோமினா. தினமும் காலை ஆறரைக்கு வருவாள். வெள்ளிக்கிழமையும் விடமாட்டாள். பத்து நிமிடம் மிஷின்களுக்கு நடுவே ஏதோ செய்துவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு போவாள். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். பொட்டலத்தில் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். "உங்கக்கா சுட்ட தோசை" என்று பிரித்துக் காட்டினாள். தோசைதான். தோசைக்குக் கீழே என்ன என்று எனக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை. உன்னைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஏழு மிஷினையும் ஒரு நாள் அள்ளிக்கொண்டு போய்க் கடை போடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

கயிறு கண்ணில் பட்டது அப்போதுதான். ஒவ்வொரு மிஷினின் கழுத்திலும் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, இப்படியே ஏழு வரைக்கும். பிலோ மாதா கோயிலுக்குப் போகிறவள்தானே என்று யாராவது சொன்னால், வேஷம் என்றிருப்பேன். பாடாங் மேஹா பக்கம் ஒரு பூசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கயிற்றைப் பார்க்கக்கூட இல்லை, கேட்டவுடனே மந்திரக் கட்டுதான் என்றார். வேண்டியதும் அந்த ஒரு சொல்தான் எனக்கு.

இனிப்பு நீருக்கு, அந்தச் சர்க்கரை வியாதிக்கு, மருந்து வாங்க நீ பிலோவோடு கிளினிக் போயிருந்த காலையில் வந்தேன். ஏழு கயிற்றையும் வெட்டினேன். மிஷின்களை எல்லாம் வாசலுக்கு இழுத்துப்போட்டு, மஞ்சள் தண்ணீரால் தரையைக் கழுவி, திரும்ப உள்ளே தள்ளினேன். எது எங்கே இருந்தது என்று யார் பார்த்தார்கள்? கயிறுகளை எலுமிச்சம்பழத்தோடு ஆற்றில் விட்டுவிட்டு வந்தபோது நீ கூடத்தில் நின்றுகொண்டிருந்தாய். ஒரு மிஷினின் கழுத்தைத் தடவினாய். அடுத்ததைத் தடவினாய்.

"கயித்த யாரு எடுத்தது?"

"நான்தான். வீட்டுக்கு ஆகாது."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். பிலோ என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். நீ முந்திக்கொண்டு, "பிலோ, வீட்டுக்குப் போ" என்றாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வெள்ளி வந்தால், துணி கொடுத்த அம்மாமார்கள் வாசலில் நின்று சண்டை. சின்னப் பெண்பிள்ளைகள் பள்ளிக்குச் சட்டைமேல் போடும் கருநீலப் பினபோர் பன்னிரண்டு தைத்திருந்தாய், பன்னிரண்டிலும் தையல் வெள்ளை நூல். பல் இளிக்கிற மாதிரி இருந்தது. குறை பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு ஒரு நொடி போதுமே. அவள்தான் வேண்டுமென்றே நூலை மாற்றி வைத்துவிட்டாள் என்று குதித்தேன். நீ பினபோரை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாய்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சரசு. போ, போய் உன் வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னாய்.

அதிலிருந்து நாலு மாதத்தில், விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். நான் கணக்குப் போட்டது எப்படி என்று உனக்குத் தெரியும். முடிச்சு, பூசாரி, சாவு. பதினாறாம் நாளன்று பந்தியில் இலை எடுக்க வந்த பிலோவை வாசலில் நிறுத்தி, "நீ கட்டுன முடிச்சுலதான் எங்கக்கா போய்ச் சேர்ந்துச்சு. வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ" என்றேன். சாவியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். குற்றம் இல்லாதவள் வாதாடியிருப்பாளே என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு டவுன் ஆள் வந்தான். காப்பிக் கடைக்கு மேசை செய்ய வேண்டுமாம், மிஷினின் இரும்புக் கால் மட்டும் போதும் என்றான். இவனுக்கு வேறு என்ன வேண்டுமோ என்று அவனையும் விரட்டிவிட்டேன். நேற்று வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வந்தாள். பள்ளி விடுமுறை முடிகிறது, அக்காவிடம் திருத்தக் கொடுத்த பினபோர் இருக்கிறதா என்று கேட்டாள்.

அலமாரிக்கடியில் ஒரு பையில் அந்தப் பன்னிரண்டில் மூன்று கிடந்தன. தையல் பிரித்தபடியே இருந்தன. சரி, நேர்த்தையல்தானே, நானே அடித்துக் கொடுத்துவிடலாம் என்று கருநீல நூல் கோத்திருந்த மிஷினில் உட்கார்ந்தேன். நாற்காலியை இழுக்கப் பலகைக்கு அடியில் கை வைத்தேன். கயிறு தட்டுப்பட்டது. இரண்டு முடிச்சு.

பாவி, என் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாளே என்று எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லா மிஷினுக்கும் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். வெள்ளை நூல் மிஷினுக்கு ஒரு முடிச்சு. கறுப்பு நூலுக்கு மூன்று. பச்சைக்கு நாலு. ஏழிலும் ஏழு நிறம், ஒவ்வொன்றிலும் மாதக்கணக்கில் தீராத பெரிய நூல் உருளை. வெறும் முடிச்சில்லை அது, நூலின் அடையாளம். சரி, எதிரிலேயே நிற்கிற நூலின் நிறத்தை எண்ணித் தெரிந்துகொள்ள ஒருத்திக்கு முடிச்சு எதற்கு? கண் இருக்கிறவளுக்கு எதற்கு?

பினபோரை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன் அக்கா.

பிலோ வீட்டுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குக் கண்ணு தெரியாதா?"

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள், திரும்பாமலே.

"எப்பலேர்ந்து?"

"மூணு வருசமா. இனிப்பு நீர் கண்ணுக்கு ஏறிருச்சு. நடுவுல ஒண்ணும் தெரியாது, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். ஊசியில நூல் கோக்க முடியல. அதான் ஒரு கலருக்கு ஒரு மிஷின். அட்டை வச்சி வெட்டிக்குவாங்க, தைக்கிறதுக்கு விரலே போதும். காலையில நான் வந்து ஏழுலயும் நூலு பாத்துக் கோத்து வச்சிட்டுப் போவேன். பகல்ல ஒண்ணுல அறுந்துச்சுன்னா அத அன்னைக்கு விட்டுட்டு அடுத்த மிஷின்ல உக்காருவாங்க."

ரவிக்கை ஏன் நின்றது என்பது அப்போது புரிந்தது. ஊரில் இருக்கிற புடவை நிறத்துக்கெல்லாம் மிஷின் வாங்க முடியுமா? அந்தப் பன்னிரண்டு பினபோரும் புரிந்தது. இடத்தையும் மாற்றி, கயிற்றையும் வெட்டியவள் நான். நீ பழைய இடத்தை நம்பி வெள்ளை நூல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாய், அதற்கப்புறம்தான் என் கண்ணுக்குப் படாமல் பலகைக்கு அடியில் கயிறு ஏறியிருக்கிறது. உனக்கு வேறு யாரும் வைக்காத வினையை நான் வைத்திருக்கிறேன்.

இருந்தும் இந்தப் புத்தி விடுமா? "இத நான் எப்படி நம்புறது?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன் அக்கா.

பிலோ கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள். "நம்ப வேணாம் சரசுக்கா. ஒண்ணு மட்டும் கேக்குறேன். நீங்க பேசும்போது பெரியக்கா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்கல்ல? அப்படித் திரும்புனாத்தான் ஓரத்துல உங்க மூஞ்சி தெரியும். நீங்க போனதும், சரசு இளைச்சிட்டா, சரியா சாப்பிடறதில்லன்னு எங்கிட்டச் சொல்லுவாங்க."

நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேச உனக்கு என்ன கேடு என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டேன். அந்தக் கோபத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வராமலே இருந்தேன். நீ என்னைப் பார்க்கத்தான் திரும்பினாய். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னை எழுப்பவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பிலோ, அத்தனை பேரு முன்னால."

"யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. செத்ததுக்கப்புறம் சொல்லலாம்னு சொல்லலையே. இப்ப நீங்களாக் கண்டுபிடிச்சிட்டு வந்தீங்க, அதனால பேசுறேன்."

என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். தெரிந்தால் அடுத்த நாளே நான் வாசலில் காடியை நிறுத்தி உன்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவேனாம். என் வீட்டுச் சோபாவில் உன்னை உட்காரவைத்து, தண்ணீர் வேண்டுமா, வெளிக்குப் போகணுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேனாம். ஏழு மிஷினும் பழைய இரும்புக்குப் போய்விடுமாம். அப்படிச் சொன்னாயாமே. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அச்சு அசலாக அதைத்தான் செய்திருப்பேன். உன் மீது எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. என்னைத் தெரிந்து வைத்திருந்தாய் பார், அந்தக் கோபம்.

"மன்னிச்சிரு பிலோ" என்றேன்.

"எங்கிட்டச் சொல்றது லேசு. அன்னைக்கு எத்தன பேரு முன்னால சொன்னீங்க? ஞாயித்துக்கிழம பள்ளிக்கூடம் தொறக்குது. பிள்ளைங்கள விட எல்லா அம்மாவும் கேட்டுக்கு வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

நாளைக்கு ஞாயிறு. லீவு சொல்லிவிட்டேன். பினபோர் மூன்றையும் அவளே நூல் பார்த்துக் கொடுக்க, நான் தைத்து முடித்துவிட்டேன். தையல் கோணல்தான், பொறுத்துக்கொள்.

பயமாக இருக்கிறது அக்கா. நான் சொன்னதும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பாவம், தங்கச்சிக்காரியையும் மயக்கிவிட்டாள் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். செய்வினை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுதான் ஆயிற்று. இல்லை என்று நிரூபிக்க எத்தனை நாள் ஆகுமோ?

உன்மீது ஆணையாகச் சொல்கிறேன். உன் கண்ணைப் பற்றியும் சொல்வேன், கயிற்றை வெட்டியது நான் என்பதையும் சொல்வேன். நாளை நம்பாவிட்டால் திங்கள் போய் நிற்பேன், அப்புறம் லீவு கிடைக்கிற நாளெல்லாம் நிற்பேன். பிலோ கிண்டிய மீகூனை அந்தக் கேட்டிலேயே நின்று, எல்லோரும் பார்க்கச் சாப்பிடுவேன். யாராவது ஒரு அம்மா தன் பிள்ளைக்கு அவள் கையால் வாங்கிக் கொடுக்கும் வரைக்கும் விடமாட்டேன்.

இத்தனை வெள்ளிக்கிழமை வந்தும் உன்னைக் கவனிக்காமல் போன
உன் கூடப்பிறந்தவள்,
சரசு