ஆமைக்கு ஒட்டிய தோல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

பள்ளிக் கண்காட்சிக்கு ஆர்கெலான் என்ற அழிந்துபோன ராட்சதக் கடலாமையைச் செய்தேன். அதன் முதுகைக் கெட்டி ஓடு அல்ல, தோலே மூடியிருக்கும் என்று படித்ததால், நீ ஷூ கம்பெனியிலிருந்து தந்த தோல் துண்டுகளை ஒட்டினேன். இன்றைய தோல்முதுகு ஆமையின் குடும்பம் என்றும் எழுதி வைத்தேன்.

இவாஞ்சலின் மிஸ் சிரித்தார். "இன்னாம்மா, இது ஆம்பூர் ஷூவா, தோலைப் பாத்துச் சொல்றதுக்கு? புதைபடிவமா கெடைச்சது எலும்பு. அதை வெச்சுத்தான் குடும்பம் பிரிக்கணும். இது வேற குடும்பம்."

நீ தோலைத் தடவியே ஆடா மாடா என்பாயே, எனக்கும் அதே பழக்கம்.

ஆர்கெலான் என்ற அந்தப் பேரினத்தில் ஒரே ஓர் இனம்தானாம். கூட யாருமில்லை.

எலும்பு தெரியட்டும் என்று தோலையெல்லாம் உரித்துவிட்டேன். "நாத்தம் பேஜாரா இருக்குடி, வெளியே போடு" என்றாள் அறைத்தோழி கேத்தரின். போட்டேன். ஒரு துண்டு மட்டும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உன் புடவை வாசனை அதில் வருகிறது.

சனிக்கிழமை கண்காட்சிக்குப் பெற்றோர் வரலாம். ஓவர்டைம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் விலா எலும்பு செய்யக் கம்பி வேண்டும். பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் தொலைந்துவிடும், நீயே கொண்டுவந்தால் நல்லது.

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் மகள்,
ஜெபசெல்வி