புதன்கிழமைக்கு வேறொருத்தி

மார்ச் 5

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணனும் நானும் நலம். என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ கடிதம் எழுதி எத்தனை நாளாயிற்று! போனிலும் "சரி அண்ணி, வெச்சிடறேன்" என்பதோடு சரி. வீட்டில் ஒருத்தரையும் பேசவிடாதவளா இவள் என்று உன் அண்ணன் கேட்கிறார்.

என் பாடு வழக்கம்போலத்தான். எங்கள் பெண்கள் உதவி மையத்தின் வாசலில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். 'எல்லா நிறத்தவருக்கும் எல்லா மொழிக்கும் இங்கே இடமுண்டு' என்று எழுதி, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். அந்தப் படம் எடுத்த அன்று கூட்டத்துக்குத் தேநீர் கலக்கியதும் நான்தான். இந்த அயல்நாட்டு ஊரில் தமிழில் யார் தவித்துக் கூப்பிட்டாலும் போனை எடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போகிறதடி. வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் பேசுவதுகூடக் காதில் ஏறுவதில்லை.

புதன்கிழமை தோறும் மத்தியானம் ஒரு போன் வருகிறது. "வணக்கம், சொல்லுங்கம்மா" என்பேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுவார்கள். அழுதுகொண்டு பேசுகிறவர்களை விட, பேசாத இந்த ஆள்தான் என் மனதைப் போட்டுப் பிசைகிறார்.

பதில் போடு.

உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள் அண்ணனை. சும்மாதானே உட்கார்ந்திருப்பார். நாங்கள் சுகம். இவர் வேலைக்குப் போய்வருகிறார். நாங்கள் குடிவந்த நாளில் அண்ணன் மாட்டிக்கொடுத்த அழைப்புமணி இன்னும் குருவி மாதிரிதான் கத்துகிறது. கதவைத் திறக்கத் தாமதமானால் இவருக்குப் பிடிக்காது. அதனால் எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவேன்.

இனிமேல் நான் வேலை பார்க்கும் சலவைக்கடை முகவரிக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வரும் தபாலை இவர் பிரித்துவிடுகிறார்.

சும்மா கேட்கிறேன். உங்கள் மையத்துக்குக் கூப்பிட்டால் அந்த எண் போன் பில்லில் வராது என்கிறார்களே, நிஜமா? கூப்பிட்டது யாரென்று தெரிந்துவிட்டால் வீட்டில் சொல்வீர்களா? தமிழுக்கு உங்களைத் தவிர வேறு ஆளே இல்லையா? கடையில் ஒருத்தி கேட்டாள், அதனால்தான்.

உங்கள் வாயாடி


மார்ச் 19

கண்ணம்மா,

நேற்று அந்தப் போன் வந்தது. வழக்கம்போல மூச்சுச் சத்தம். பிறகு அந்தப் பக்கம் ஒரு குருவி கத்தியது. உடனே வைத்துவிட்டார்கள்.

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.

உன்னை நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கடையில் கேட்டவளிடம் சொல்: பில்லில் வராது. அங்கே என் காதில் விழுவது என் புருஷன் காதுக்குக்கூடப் போகாது. நேற்று உன் அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தலைவலி என்றேன்.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

கடையில் யாரும் கேட்கவில்லை.

இவர் கை நீட்டுகிறார். குடிவந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. முகம் தெரியாத யாரிடமாவது சொல்லி அழலாம் என்றுதான் கூப்பிட்டேன். வேறு யாராவது எடுப்பார்கள் என்று பார்த்தால், எடுத்தது நீங்கள். என் கல்யாணத்தன்று எனக்குப் புடவை கட்டிவிட்டவரிடம் இதை எப்படிச் சொல்வேன்? நீங்கள் அழுவீர்கள். அண்ணன் கிளம்பி வந்து நிற்பார். அப்புறம் எதுவும் என் கையில் இருக்காது. போவதா இருப்பதா என்று நானே வாய்விட்டுப் பேசித்தான் முடிவு பண்ண வேண்டும்.

பிறகும் ஏன் கூப்பிட்டேன் என்கிறீர்களா? உங்கள் "சொல்லுங்கம்மா"வைக் கேட்கத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.


ஏப்ரல் 2

என் தங்கமே,

கோபம் உன் மேல் இல்லை. அவன் மேல் இருக்கிறது, அதை இங்கே எழுதினால் காகிதம் கிழிந்துவிடும்.

மேலாளர் அம்மாவிடம் போய், தமிழுக்கு இன்னொருத்தி வேண்டும் என்றேன். "உங்க ஆளுங்களுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். எத்தனையோ வருடமாக இதற்குத் தலையாட்டியவள்தான் நான். அன்றைக்கு முடியவில்லை.

"உங்க வீட்டு ரகசியத்தை உங்க அண்ணன் பொண்டாட்டிகிட்ட சொல்லுவீங்களா மேடம்? எங்க ஆளுங்க இங்க கொஞ்சம் பேர்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னொருத்தியை வைங்க. இல்லன்னா வாசல்ல இருக்கிற படத்துலேர்ந்து என்னை எடுத்துடுங்க" என்றேன்.

பிறகு அவரே தமிழ் பேசும் வெளியூர் ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. உன்னையும் தெரியாது, எங்களையும் தெரியாது. இனிப் புதன்கிழமை போனை அவர்தான் எடுப்பார், நான் தொடமாட்டேன்.

அங்கே நீ என்ன சொன்னாலும் அது என் காதுக்கு வராது. என்ன முடிவு செய்தாலும் இங்கே உனக்கு ஒரு அறை இருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காதே, யார் எடுத்தாலும் பேசு.

அண்ணி


ஏப்ரல் 9

வாயாடிக்கு,

நேற்று நான் போன் இருக்கும் அறைக்குள் காலே வைக்கவில்லை. எதிரே இருக்கும் சமையற்கட்டில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சு நடந்தால் அந்தக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். மத்தியானம் எரிந்தது.

இதோ அணைந்துவிடும், இதோ அணைந்துவிடும் என்று பயந்தபடி கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். என் சோறு ஆறிப்போயிற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பிறகு நர்ஸ் அம்மா வெளியே வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேசியது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் சரியான வாயாடி.

உன் அண்ணி