இரண்டாவது கையெழுத்து

மயிலாப்பூர்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள கீர்த்தி,

சண்டை வரும்போல் இருந்தால் தாளில்தான் எழுத வேண்டும் என்று கல்லூரியில் சட்டம் போட்டவள் நீ. மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்குக் கூரியரா என்று கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலவாக்கத்தில் ஒரு சின்ன கிளினிக், நாம் இருவரும் உருவாக்கிய சரடு என்ற கணினி மொழியில் தங்களுக்கென்று ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறது. போன வாரம் ஒரு பெரியவரின் ரத்தச் சர்க்கரை அளவைப் பதிய மறந்துவிட்டார்கள். கட்டம் காலி. காலி என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளச் சரடுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே? அது சமர்த்தாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டு, 'உடனே குளுக்கோஸ் ஏற்றவும்' என்று திரையில் காட்டியிருக்கிறது. நர்ஸ் தபஸ்ஸும் சந்தேகப்பட்டு மறுபடி சோதித்தாராம். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. கேட்ட அன்றே திருத்த உட்கார்ந்துவிட்டேன்டி.

சரடின் மூன்றாம் பதிப்பில், காலிக் கட்டத்தைக் கண்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். எழுதி முடித்துவிட்டேன். இருவரும் கையெழுத்திடாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது என்பது நம் விதி. உன் கையெழுத்து மட்டும் பாக்கி. கணினியைத் திறந்து போட்டுவிடு.

"கொலுவுக்குக் கீர்த்தி வராளோன்னோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
மஹதி


தி. நகர்
27 செப்டம்பர்

அன்பு மஹி,

அந்தப் பெரியவர் தப்பியது தெய்வச் செயல். நீ பதறுவது புரிகிறது. ஆனாலும் இப்போது கையெழுத்துப் போட மாட்டேன்.

சரடை நம்பிப் பிழைப்பது யார்? எங்கள் ஜவுளிக் கடை மாதிரி, சரடில் பில் போடும் எத்தனையோ கடைகள். தள்ளுபடி இல்லாத புடவைக்குத் தள்ளுபடிக் கட்டத்தைக் காலியாக விடுவது இந்தத் தெருவின் வழக்கம். பதிப்பு வெளியானால், மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் எல்லாக் கணினியும் தானாகவே அதை இழுத்துக்கொள்ளும். முதல் புடவையிலேயே பில் நின்றுவிடும். அதுவும் தீபாவளிக் கூட்டத்தில்! ஜவுளிக்காரனுக்கு வருஷம் என்பதே இந்தச் சில வாரங்கள்தான்.

நிற்கும் வசதியை வேண்டியவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளட்டுமே என்றால், "தேவைப்படுகிறவன் அதைத் தொடவே மாட்டான்" என்பாய். உண்மைதான். அதனால் கேட்கிறேன், தீபாவளி முடியட்டும். நானே கடை கடையாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை கிளினிக்குகளுக்கு எச்சரிக்கை அனுப்பு.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓர் அவசரத் திருத்தத்துக்காக என் கையெழுத்தின் கடவுச்சொல்லை உன்னிடம் சொன்னேனே, அதை இன்னும் மாற்றவில்லை. "மாத்தித் தொலைக்கா" என்று சித்தப்பா மகன் மகேஷ் திட்டுகிறான். "மஹதிகிட்ட இருந்தா எங்கிட்ட இருந்த மாதிரிதாம்ல" என்றேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.

கொலுவுக்குக் கட்டாயம் வருவேன்.

கீர்த்தி


மயிலாப்பூர்
10 அக்டோபர்

கீர்த்தி,

கொலுவுக்கு வந்தாய். சுண்டல் தின்றாய், அம்மாவோடு சிரித்துப் பேசினாய், என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் "தீபாவளிக்கு அப்புறம்" என்றாய். உன் பிடிவாதம் எனக்குப் புதிதா என்ன?

எச்சரிக்கை அனுப்பினேன். சரடை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று நமக்கே தெரியாதபோது அது எங்கே போய்ச் சேரும்? நேற்று கே.கே. நகரிலிருந்து இன்னொரு கிளினிக் எழுதியிருக்கிறது. அதே காலிக் கட்டம், அதே குளுக்கோஸ். இந்த முறை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அம்மாள் ஐ.சி.யூ.வில் இருக்கிறார்.

இன்று மாலை என் கையெழுத்தைப் போட்டேன். உன்னுடையதையும் நானே போட்டேன். நாளை உங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுப்பாய், மறுத்த பிறகு போடுவது இன்னும் பெரிய துரோகம் என்று பயந்தேன். போன் செய்யத் தைரியம் வரவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே.

மஹதி


தி. நகர்
24 அக்டோபர்

மஹதி,

மறுநாள் காலை, கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பத்தின் முதல் புடவைக்கே பில் நின்றது. "என்ன பிள்ள, ஒன் மெஷினு பில்லே போட மாட்டேங்கு?" என்று அப்பா கல்லாவிலிருந்து கத்தினார். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பலர் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

கே.கே. நகர் கிளினிக்குக்குப் போன் செய்து விசாரித்தேன். அந்த அம்மாள் வீடு திரும்பிவிட்டார். கேட்டதும் அழுதுவிட்டேன். நீ செய்த பதிப்பு சரியானதுதான். தெருவில் எல்லாக் கடைகளுக்கும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

ஆனால், ஐ.சி.யூ. என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே போட்டிருப்பேன். தீபாவளியாவது மண்ணாவது! ஓர் உயிரைவிடப் புடவை விற்பது எனக்குப் பெரிது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். கடை நின்றதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் கடையிலேயே பில் நின்றதைக் கேள்விப்பட்டு, சரடின் பொதுக் குழுமத்தில் எல்லோரும் கேட்டார்கள், இரண்டாவது கையெழுத்து உண்மையில் கீர்த்தியுடையதுதானா என்று. இல்லை என்று சொன்னால் இனி எந்தப் பதிப்பையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். "ஆமாம், நான்தான் போட்டேன்" என்று எழுதினேன். கடைக்காரர்களிடமும் அதையே சொன்னேன். அப்பாவிடமும். தீபாவளி வியாபாரத்தில் சொந்த மகளே மண்ணைப் போட்டுவிட்டாள் என்று அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உனக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது சரடுக்காக. அடுத்த பதிப்புக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலக் குழுமத்தில் கேளுங்கள். படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் போடுவேன்.

இப்படிக்கு,
வெ. கீர்த்தி