மைத்துவுக்கு முன் பெஞ்சு

செம்பூர்,
8 ஜூலை 2025

அன்புள்ள பத்மஜா அக்காவுக்கு,

நமஸ்காரம். உங்கள் பெண் ஷாலினிக்கு வரன் குதிர்ந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில்.

எங்கள் மைத்ரேயிக்குக் கவனம் நிற்கவில்லை, அக்கா. கணக்குப் பரீட்சையில் முதல் பக்கத்தை அழகாகப் போட்டுவிட்டு, பேப்பரைத் திருப்பவே மறந்திருக்கிறாள். டாக்டர் பரிசோதித்து, கவனக்குறைபாடு என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். அதை ஸ்கூலில் கொடுத்தால் முன் பெஞ்சும், பரீட்சைக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தம்பியோ, "அக்காவைக் கேக்காம குடுக்கப்படாது" என்கிறார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள்
மானசா

கல்யாண்,
9 ஜூலை

மானசாவுக்கு ஆசீர்வாதம்.

மைத்து நம்மாத்துக் குழந்தை, எனக்கு அக்கறை இருக்காதா? ஆனால் மாப்பிள்ளையின் அத்தை அந்த ஸ்கூலில்தானே டீச்சர்! நீ பேப்பரைக் கொடுத்த அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போய்விடும். "உங்காத்துல இதெல்லாம் உண்டா?" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். அதுவரை பொறுத்துக்கொள். மூணாங்கிளாஸ்தானே, ஐ.ஏ.எஸ். பரீட்சையா என்ன? பக்கத்தில் உட்கார்ந்து நாலு அதட்டல் போடு, தானாக வழிக்கு வருவாள். தம்பி நகுலிடமும் சொல்லிவிட்டேன்.

பத்மஜா

செம்பூர்,
12 ஜூலை

அன்புள்ள அக்கா,

கொடுக்கக் கூடாது என்ற முடிவோடுதான் நேற்று மைத்துவோடு ஸ்கூலுக்குப் போனேன். உங்கள் தம்பிக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தேன்.

கிளாஸ் டீச்சர் சிரித்தபடியே, "பச்சி அச்சி ஹை, தோடி ஆல்சி ஹை" என்றார். நல்ல பெண்தான், கொஞ்சம் சோம்பேறியாம். நான் வாய் திறப்பதற்குள் மைத்து, பேரைக் கேட்டால் சொல்வதுபோல, "ஹாங் மிஸ், மைங் ஆல்சி ஹூங்" என்று ஒத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வருத்தம்கூட இல்லை, அக்கா. சர்டிஃபிகேட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அத்தையும் அந்த அறையில்தான் இருந்தார். எல்லாம் கேட்டிருப்பார்.

திங்கட்கிழமையிலிருந்து முன் பெஞ்சு.

உங்கள் தம்பி என்னோடு பேசவில்லை. இன்று காலை மைத்துவிடம் மட்டும், "யாருடி உன்னைச் சோம்பேறின்னு சொன்னா?" என்று கேட்டார். "எல்லாரும்தாம்ப்பா" என்றாள். அவர் டிபனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

உங்களுக்குக் கோபம் வரும், எனக்குப் புரிகிறது. ஷாலினி நன்றாக இருக்க வேண்டும். ஆவணியில் கூப்பிட்டால் மூன்று பேராக வருவோம். மைத்துவை யார் வீட்டிலும் விட்டுவிட்டு நான் மட்டும் வர மாட்டேன்.

மானசா