மறந்ததாகச் சொன்ன வார்த்தைகள்

அன்புள்ள ஃபின்டனுக்கு,

தோள் வலி தேவலையா? அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? இந்தக் குதிரைப் பந்தய ஊர் லாம்போர்னில் நான் நலம்தான், மழை ஒன்றுதான் தொல்லை.

ஒரு வேடிக்கை கேள். பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்ட ஜாக்கிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மறுபடி குதிரை ஏறுகிறார்கள் என்று ஆராயத்தானே எனக்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறார்கள்? இங்கே கிளைவ் என்று ஒரு ஜாக்கி. சீசன் தொடக்கத்தில் உங்கள் எல்லோருக்கும் வைக்கும் ஞாபகச் சோதனையில், டாக்டர் வாசித்த பத்து வார்த்தைகளில் நாலைத்தான் திருப்பிச் சொன்னானாம். அதே ஆள் நேற்று ஜாக்கிகள் அறையில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே, போன வருடம் தான் ஓட்டிய குதிரைகளையெல்லாம் வரிசையாக ஒப்பித்தான். இது எப்படி என்று கேட்டேன்.

"விழுந்தா மறுபடி அதே சோதனைதானே வைப்பாங்க? இப்ப எட்டு சொன்னா அப்பவும் எட்டு சொல்லணும். நாலுன்னா தலை சுத்தினாலும் சொல்லிடலாம், டாக்டர் விட்டுடுவாரு. ஜாக்கி பொண்டாட்டி, உனக்கு இதுகூடவா தெரியாது?"

அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்தபின்தான் உன் நினைவு வந்தது.

அதே சோதனையில் நீ மூன்றுதான் சொன்னாய் என்று சமையலறையில் உன்னை எவ்வளவு கேலி செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய். போன மாதம் விழுந்தபோதும் டாக்டர் சரியென்று விட்டுவிட்டார் என்றாய். அதற்குப் பிறகு ஒருநாள் போனில் நம் நாயின் பெயரைக் கேட்டாய். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமைப் பந்தயத்தில் குதிரை ஏறாதே, ஃபின்டன்.

இங்கத்து டீ வாயில் வைக்க முடியவில்லை. நம் வீட்டு டீத்தூள் ஒரு பொட்டலம் அனுப்பு. அதன் மேல் என் விலாசத்தை, எதையும் பார்க்காமல், நீயே எழுது.

பிரீட்