புதுவயல் ஆடாத அரையிறுதி

30.1.94, ஞாயிறு

முதுகு கடுக்கிறது. படுத்தும் தூக்கம் வரவில்லை.

புதுவயல் அரிசி மில் அணி ஆடினால்தான் எங்கள் கால்பந்து லீக்கிற்கு டிக்கெட் விற்கும். மற்ற அணிகள் ஆடும் நாளில் மைதானத்தில் மாடுதான் மேயும். அந்தத் தெம்பில் வசூலில் பாதி கேட்டு, லீக் செயலாளரான என்னோடு மூன்று மாதமாக மல்லுக்கு நிற்கிறார்கள்.

இன்று கோட்டையூர் அணியோடு அவர்களுக்கு அரையிறுதி. நாலு மணிக்கு அவர்களைக் காணவில்லை. விதிப்படி பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, கோட்டையூர் ஜெயித்ததாக அறிவித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பொறுக்க மனமில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நாலரைக்கு லாரியில் வந்து இறங்கினார்கள். உடம்பெல்லாம் நெல் சுணை.

"மேகம் கட்டிருச்சு சார். களத்துல காஞ்ச நெல்ல அள்ளிப் போட்டுட்டு வாரோம்," என்றார் அவர்களுடைய கேப்டன் காதர்.

அறிவித்தது அறிவித்ததுதான் என்றேன். அவர் வாதாடவே இல்லை.

"சரி சார். களம் இப்ப சும்மாதான் கெடக்கு. அங்குட்டுப் போயி ஆடிக்கிறோம்."

கூட்டம் டிக்கெட் காசைக்கூடத் திருப்பிக் கேட்காமல் லாரியின் பின்னாலேயே போய்விட்டது. மழையும் பெய்யவில்லை.

கோட்டையூர் கேப்டன் மட்டும் தயங்கி நின்றார். ஒருவராவது நம்மை மதிக்கிறாரே என்று நினைத்தேன்.

"சார், நாங்கதான் ஜெயிச்சிட்டோம்ல? அங்குட்டுப் போயி அவுகளோட ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துரட்டுமா?"

போங்கள் என்றேன். கொடிகளைப் பிடுங்கி, வலையையும் நானே அவிழ்த்துச் சுருட்டினேன். கடைசியில் பந்தைத் தேடினேன். அதையும் கொண்டுபோய்விட்டார்கள்.