முட்டுக் கொடுத்த பேர்

நாரோ, 19 ஜூன் 1968

சேசு, மரி, சூசை துணை.

என் செல்ல மருமகன் கஸ்பாரேவுக்கு அத்தை வெனேரா ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. நான் சொகம். முழங்கால் மட்டும் சொகமில்ல. நேத்து நம்ம புனித கலோஜெரோ திருவிழா, செருப்பில்லாம தேருக்குப் பின்னால நடந்தேன். என் நேர்த்தி, யாரையும் குத்தம் சொல்லல. உன் பெஞ்சாதி ஒர்னெல்லாவுக்கு வயிறு கூம்பி நிக்குதுன்னு எழுதியிருந்த, அப்ப ஆம்பளப் புள்ளதான். புளிப்பு கேக்குறாளான்னு எழுதல. நீ எப்பவும் பாதிதான் எழுதுவ.

இப்ப ஒரு அசிங்கத்தக் கேளு. ஒங்கப்பன், என் கூடப் பொறந்த அண்ணன், நேத்து சதுக்கத்துல நடுவுல நின்னுக்கிட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் பாதாம் மிட்டாய் குடுத்தான். "எனக்கு முட்டுக் குடுத்தாச்சு! என் பேரைச் சுமக்கப் பேரன் வர்றான்! அடுத்த கலோஜெரோ!" புள்ள இன்னும் வயித்துல. செருப்பு தைக்கிற நூன்சியோ சும்மா இருப்பானா? "பொண்ணாப் பொறந்துட்டா என்ன பண்ணுவீரு, பாவாடை வச்சா முட்டுக் குடுப்பீரு?"ன்னு கேட்டான். ஊரே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல.

மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கலன்னா கிழவன் முட்டில்லாத சுவருன்னு ஊர் பேசும், அது எனக்கும் தெரியும். நீ அவனுக்கு வாக்குக் குடுத்துட்டியா? அத மட்டும் எழுது.

உன் அத்தை,
வெனேரா


தூரின், 26 ஜூன் 1968

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் ஆசியைக் கேட்டு கஸ்பாரே எழுதுவது. நாங்கள் நலம். ஒர்னெல்லா புளிப்பு கேட்கவில்லை, உப்பு நெத்திலியைத்தான் நாள் முழுக்க மெல்லுகிறாள். நீங்கள் பின்னி அனுப்பிய குல்லா குழந்தைக்கு அல்ல, எனக்கே சரியாக இருக்கும் போலிருக்கிறது!

வாக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஒர்னெல்லாவுக்கு முதலில் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இங்கே வடக்கில் அதைக் கேட்டாலே "தெற்கத்திக்காரன்" என்று சிரிப்பார்கள். பிறகு மாடிவீட்டு வாத்தியாரைக் கேட்டாள். கலோஜெரோ கிரேக்கப் பெயராம் அத்தை. "அழகான கிழவர்" என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் குகையில் தவம் இருந்த துறவிகளை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கேட்டதும் அவள் மனசு இளகிவிட்டது.

அப்பாவும் எழுதியிருக்கிறார். பேரைச் சுமக்கிறவனுக்கே பாதாம் தோப்பு என்று. தொழிற்சாலையில் எத்தனை நாள் இப்படி நின்றுகொண்டே இருப்பேன்? அப்பா மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? அம்மாவைக் கடைசியில் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்ததில் ஏதாவது மனஸ்தாபமா?

உங்கள் மருமகன்,
கஸ்பாரே


நாரோ, 3 ஜூலை 1968

கஸ்பாரே,

அழகான கிழவராமா! படிச்சுட்டு அடுப்புல பாலப் பொங்கவிட்டேன்.

நம்ம சாமி அழகான கிழவர்தான். கறுத்த முகம், வெள்ளத் தாடி, ஊர்ல கொள்ள நோய் வந்தப்ப சீக்காளிங்களத் தொட்டுத் தூக்கினவரு. அந்தப் பேரு தேன் மாதிரி. ஆனா இந்த ஊர்ல பேரு வைக்கிறப்ப சாமிய யாரு நெனைக்கிறா? தாத்தனத்தான் நெனைக்கிறாங்க.

கேட்டுட்ட, சொல்றேன். ஒங்கம்மா ஆகதாவ நான் ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வரல. வயித்துக் கட்டி உடைஞ்சு நாத்தம் வர ஆரம்பிச்சதும், ஒங்கப்பன் அவள மெத்தையோட கழுதை வண்டில ஏத்தி என் வாசல்ல எறக்கினான். மூக்குல கைக்குட்டைய அமுக்கிக்கிட்டே சொன்னான்: "இந்த நாத்தத்தோட என்னால சாப்பிட முடியல வெனேரா. நீ செபம் பண்றவ, உனக்கு இது புண்ணியம்." அவ காதுல விழுந்துச்சுடா. கண்ண மூடிக்கிட்டா. அப்புறம் அவ சாகுற வரைக்கும் அவன் அந்தப் படி ஏறல. வாரிக் கொட்டினது நான், தொடச்சது நான். அவளக் குத்தம் சொல்லல, அவ பூ மாதிரி.

அதே வருஷம் திருவிழாவுல, ஊர்ல எல்லாரும் பண்றாப்பல, அதே கைக்குட்டையால சாமி சொரூபத்துல வேர்வ தொடைக்கிறேன்னு தொடச்சு, தன் மூஞ்சியிலயும் தேச்சுக்கிட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். பூசையில பாதியில வெளிய போய் வாந்தி எடுத்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

உனக்குத் தோப்பு வேணும்னா கேட்டு வாங்கு, திருடக்கூடச் செய். அவனுக்கு முட்டு மட்டும் குடுக்காத.

வெனேரா


தூரின், 18 ஜூலை 1968

அன்புள்ள அத்தை,

பையன் பிறந்துவிட்டான். ஒர்னெல்லா நலம். உங்கள் கடிதத்தை அவளிடம் பாதிவரைதான் படித்துக் காட்டினேன். மீதியை அவளே வாங்கிப் படித்தாள். பிறகு வாத்தியார் வீட்டுக்கு ஏறிப்போனாள். அம்மா பெயரும் கிரேக்கம்தானாம். "நல்லவள்" என்று அர்த்தமாம்.

நேற்று நகராட்சியில் பதிந்துவிட்டேன். ஆகதீனோ. அம்மாவின் பெயரேதான், பையனுக்கு ஏற்ற மாதிரி. அப்பாவுக்குத் தந்தி அடித்துவிட்டேன். தோப்பு போனால் போகட்டும். ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம். நீங்கள்தான் ஞானத்தாய்.

கஸ்பாரே


நாரோ, 27 ஜூலை 1968

என் ராசா, என் தங்கமே,

கடிதத்த மூணு வீட்டுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆகதீனோ! சொல்லச் சொல்ல வாய் இனிக்குது. மெழுகுவத்தி ஏத்திட்டேன். ஞானஸ்நானக் கவுன் தைக்க லேசுத் துணி வாங்கிட்டேன்.

ஆனா கேளு, இத எழுதக் கை கூசுது. தந்தி வந்த அன்னைக்கு ஒங்கப்பன் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்தான். ஒழிஞ்சான்னு நெனச்சேன். மறுநாள் சவரம் பண்ணி, கறுப்புக் கோட்டு மாட்டி, நேரா சதுக்கத்துக்கு வந்துட்டான். நூன்சியோ வாயத் தொறக்குறதுக்குள்ள இவனே ஆரம்பிச்சான்: "நான்தான் எம்மவன்கிட்ட சொன்னேன். எனக்கு எதுக்குடா முட்டு, என் ஆகதாவுக்குக் குடு, அவ மகராசின்னு." சொல்லி, கண்ணீர் கன்னத்துல வழிய வழிய நின்னான். பொம்பளைங்க எல்லாம் உச்சுக் கொட்டுறாளுங்க. "பெஞ்சாதி மேல என்ன உசுரு பாரு! எவ்வளவு நல்ல கிழவன்!" பேக்கரிக்காரி என் தோளத் தொட்டு, "நீ குடுத்து வச்சவ வெனேரா, இப்பேர்ப்பட்ட அண்ணன்"னா.

செத்தவ பேரையும் தின்னுட்டான்டா.

நான் சும்மா விடல. "எந்த வீட்ல செத்தா, சொல்லு பாப்போம்"னு கத்தினேன். "பாவம், இன்னும் துக்கம் ஆறல"ன்னு என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாளுங்க.

நீ வா. வந்து சதுக்கத்துல எல்லார் முன்னாலயும், நான்தான் வச்சேன், இவன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்.

வெனேரா அத்தை


தூரின், 4 ஆகஸ்ட் 1968

அன்புள்ள அத்தை,

ஆசி கேட்டு எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அழுத இடத்தில் மை கலைந்திருக்கிறது. நீங்கள் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. ஆனால் மனுஷன் மாறக்கூடாதா? தோப்பை ஆகதீனோ பெயருக்கே எழுதிவைக்கிறாராம். அவரே ஞானத்தந்தையாக நின்று குழந்தையை ஏந்துவதாகச் சொல்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். பெயர் எப்படியும் அம்மா பெயர்தானே. சதுக்கத்தில் போய்ச் சண்டை எதற்கு? நீங்களும் அவரும் பக்கத்தில் நின்றால் அம்மாவுக்கும் நிம்மதியாக இருக்கும்.

பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறோம்.

கஸ்பாரே


நாரோ, 9 ஆகஸ்ட் 1968

கஸ்பாரேவுக்கு,

நீ ரயில் ஏறுறதுக்குள்ள கெடைக்கட்டும்னு ஒடனே எழுதுறேன்.

தோப்பு நல்ல தோப்பு. வாங்கிக்க. கவுன் தச்சு முடிச்சுட்டேன், கோயில் கணக்கப்புள்ள வீட்ல குடுத்திருக்கேன், வாங்கிப் போட்டு விடு. கழுத்துப் பக்கம் லேசு குத்தும், உள்ள மெல்லிசா ஒரு துணி வை. பயணத்துல ஒர்னெல்லாவ நல்லாத் தண்ணி குடிக்கச் சொல்லு, பால் வத்திரும். அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ஞானத்தாயா வேற யாரையாவது பாத்துக்க. அந்தக் கையில புள்ள இருக்குறப்ப நான் பக்கத்துல நிக்க மாட்டேன். ஆண்டவர் நிப்பாரு, கோயில் அவரு வீடு, அவருக்கு வேற போக்கில்ல. எனக்கு இருக்கு.

வெனேரா